ஏ.பி.யா, கிளெப்பா, டியூயல் கிரெடிட்டா?

மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம், முதல் செமஸ்டருக்குப் பாடம் பதிவு செய்த நாளில்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அதற்கு முந்தைய கோடை விடுமுறையில் அவள் இரண்டு கிளெப் தேர்வுகள் எழுதித் தேறியிருந்தாள். கல்லூரிப் பாடம் ஏற்கெனவே தெரியும் என்று காட்டி, வகுப்பில் உட்காராமலே அதைத் தாண்ட உதவும் தேர்வுகள் அவை. ஒன்று நிர்வாகவியல், இன்னொன்று தகவல் அமைப்புகள். இரண்டும் எளிது என்று யாரோ சொன்னதைக் கேட்டு எடுத்தவை. கல்லூரியும் ஆறு கிரெடிட் (பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய பாடப் புள்ளிகள்) கொடுத்திருந்தது. ஆனால் அந்த ஆறும் பொது எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடக் கணக்கில் போய்ச் சேர்ந்திருந்தன. அவள் எடுத்திருந்த பொறியியல் மேஜரில் (முதன்மைப் படிப்பில்) அப்படியொரு எலெக்டிவுக்கு இடமே கிடையாது. படிக்க வேண்டிய பாடங்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. அன்று ராத்திரி அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு கோடை முழுக்க உழைத்த பிள்ளை.

இப்போது மகன் பத்தாம் வகுப்பை முடிக்கப் போகிறான். நாங்கள் இருப்பது டெக்ஸஸில். தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது, கல்லூரிக் கிரெடிட்டை முன்கூட்டியே வாங்கும் வழிகளைப் பற்றிய இந்தப் பேச்சு வராத வாரமே இல்லை. ஏ.பி. எத்தனை எடுக்கிறான்? டியூயல் கிரெடிட்டில் போடலாமா? கிளெப் என்று ஒன்று இருக்கிறதாமே, அது என்ன? இந்த முறை அவசரப்படாமல் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தோம்.

முதலில் அடிப்படைக் கணக்கு. அமெரிக்காவில் நான்கு வருடப் பட்டத்துக்குப் பெரும்பாலும் 120 கிரெடிட் வேண்டும். வாரம் மூன்று மணி நேரம் நடக்கும் ஒரு செமஸ்டர் பாடத்துக்கு 3 கிரெடிட். அந்தப் பாடம் ஏற்கெனவே தெரியும் என்று ஒரு தேர்வில் காட்டிவிட்டால் வகுப்பில் உட்காராமலே அதே கிரெடிட்டை வாங்கிவிடலாம். டெக்ஸஸ் அரசுக் கல்லூரிகளில் எந்த மேஜராக இருந்தாலும் 42 கிரெடிட் பொதுப் பாடங்கள் உண்டு. அதில் அமெரிக்க வரலாறு மட்டும் 6, அரசு பற்றிய பாடம் 6. ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூகவியல் வகையறா எல்லாம் மீதியில் வரும். தேர்வெழுதித் தாண்டக்கூடியவை பெரும்பாலும் இந்த 42க்குள்தான் இருக்கின்றன.

ஏ.பி. (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்) எல்லோருக்கும் தெரிந்தது, பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரி நிலைப் பாடம். காலேஜ் போர்டு என்ற தேர்வு அமைப்பு 1950களிலிருந்து நடத்துகிறது. பள்ளியில் வருடம் முழுக்கப் பாடம், மே மாதத்தில் ஒரே ஒரு தேர்வு, ஜூலையில் மதிப்பெண். 1 முதல் 5 வரை. அரசுக் கல்லூரிகள் பல 3க்கே கிரெடிட் கொடுத்துவிடும். போட்டி அதிகமுள்ள கல்லூரிகள் 4 அல்லது 5 கேட்கும். டெக்ஸஸில் 2015இல் ஒரு சட்டமே வந்தது: தக்க ஆதாரம் காட்டினால் ஒழிய, அரசுக் கல்லூரிகள் தொடக்கநிலைப் பாடங்களுக்கு 3க்கு மேல் கேட்கக்கூடாது. ஆனால் எல்லாக் கல்லூரியும் இப்படியல்ல. டார்ட்மத் கல்லூரி, 2018இல் பட்டம் பெறும் வகுப்பிலிருந்து ஏ.பி.க்குக் கிரெடிட் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. எந்த நிலைப் பாடத்தில் உட்கார வைப்பது என்று பார்க்க மட்டும் அந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்துகிறார்கள்.

ஏ.பி.யின் பெரிய பலம் கிரெடிட் அல்ல என்பது என் கருத்து. கல்லூரி விண்ணப்பத்தைப் படிப்பவர்கள், கடினமான பாடத்தை எடுக்கத் துணிந்த பிள்ளையா என்று பார்க்கிறார்கள். அந்தச் சாட்சியம் ஏ.பி. வகுப்பிலிருந்து கிடைக்கும், கிளெப்பிலிருந்து கிடைக்காது. அப்புறம், எழுத்துப் பயிற்சி. ஏ.பி. அமெரிக்க வரலாற்றுத் தேர்வு மூன்றே கால் மணி நேரம். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் 55, மூன்று குறுவிடைகள், ஆவணங்களை வைத்து ஒரு கட்டுரை, தனியாக இன்னொரு நீண்ட கட்டுரை. இதற்குத் தயாராகும் பிள்ளை ஒரு வருடத்தில் வாதம் செய்து எழுதக் கற்றுக்கொள்கிறது. மகளிடம் இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்தேன். பலவீனம், வருடத்துக்கு ஒரே நாள். அன்று காய்ச்சல் வந்தால் பிற்பாடு எழுத ஒரு வாய்ப்புத் தருவார்கள், ஆனால் மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால் அடுத்த மே வரை காத்திருக்க வேண்டும். பள்ளி வழியாக நவம்பருக்குள் பதிவு செய்தாக வேண்டும். தாமதித்தால் 40 டாலர் கூடுதல்.

கிளெப்பும் காலேஜ் போர்டு நடத்துவதுதான், 1967இலிருந்து. மொத்தம் 34 தேர்வுகள். வருடம் முழுக்க எந்த வாரத்திலும் தேர்வு மையத்தில் நேரம் வாங்கி எழுதலாம், கேமரா கண்காணிப்போடு வீட்டிலிருந்தும் எழுதலாம். வகுப்பு எதுவும் முடித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெரும்பாலானவை 90 நிமிடம், கணினியில், கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது போன்ற கேள்விகள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் ஒரு கேள்வியையும் வெற்றாக விடக்கூடாது. எழுத்துப் பகுதி உள்ள தேர்வுகள் தவிர மற்றவற்றுக்குப் பெரும்பாலும் முடித்த உடனே திரையில் மதிப்பெண் தெரிந்துவிடும். 20 முதல் 80 வரை உள்ள அளவுகோலில் 50 வாங்கினால் கிரெடிட் கொடுக்கலாம் என்பது அமெரிக்கக் கல்விக் கவுன்சிலின் பரிந்துரை. இந்த 50ஐப் பாதிக் கேள்விகளுக்குச் சரியான விடை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது, அது வேறு கணக்கு. அந்தப் பரிந்துரையை ஏற்காமல் தங்கள் விருப்பப்படி உயர்த்தி வைத்துள்ள கல்லூரிகளும் உண்டு.

எனக்குக் கிளெப்பில் மிகவும் பிடித்தது, தோற்றால் தடம் இல்லாமல் போவது. மதிப்பெண்ணை எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது, அனுப்புவதா வேண்டாமா என்பதை எழுதியவரே முடிவு செய்யலாம். மூன்று மாதம் கழித்து அதே தேர்வை மறுபடி எழுதலாம். தேறிய மதிப்பெண் 20 வருடம் காலேஜ் போர்டில் பத்திரமாக இருக்கும். நடுவில் படிப்பை விட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை என் தம்பி மனைவியிடம் பார்த்தேன்.

அவள் ஊரில் மூன்று வருட பி.காம். முடித்துவிட்டு வந்தவள். இங்கே வேலைக்கு ஒரு அமெரிக்கப் பட்டம் இருந்தால் நல்லது என்று மாலை நேரக் கல்லூரியில் சேர்ந்தாள். பழைய படிப்புக்குக் கொஞ்சம் கிரெடிட் கிடைத்தது, கணிதம் மட்டும் ஒட்டவில்லை. "அண்ணி, முப்பத்தெட்டு வயசுல பதினெட்டு வயசுப் பசங்களோட உட்கார்ந்து அல்ஜீப்ரா படிக்கணுமா?" என்று போனில் கேட்டாள். கிளெப் காலேஜ் அல்ஜீப்ரா எழுதினாள். 60 கேள்வி, 90 நிமிடம். பிள்ளைகள் தூங்கிய பிறகு சமையலறை மேசையில் ஆறு வாரம் படித்தாள், தேறிவிட்டாள். அவளைப் போன்றவர்களுக்கு ஏ.பி. என்ற வழியே கிடையாது. டியூயல் கிரெடிட்டும் கிடையாது. கிளெப்தான்.

அவள் செலவழித்தது தேர்வு மையம் தனியாக வாங்கும் கட்டணம் மட்டும். கிளெப் தேர்வுக் கட்டணம் நூறு டாலருக்குச் சற்றுக் கீழே. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு, கிளெப் பாடங்களுக்கு இணையத்தில் இலவச வகுப்பு வைத்திருக்கிறது. வகுப்பை முடித்தவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரும் கொடுக்கிறார்கள். இதைத் தெரியாமல் பணம் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். அப்புறம் ஒரு நடைமுறை விஷயம்: காலேஜ் போர்டு தளத்தில் பதிவு செய்தால் வரும் நுழைவுச்சீட்டு ஆறு மாதம் செல்லும். ஆனால் தேர்வு மையத்தில் நாளும் நேரமும் நாம்தான் தனியாக வாங்க வேண்டும். முதல் பதிவோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடக்கூடாது.

டெக்ஸஸ் பிள்ளைகளுக்குக் கிளெப்பில் ஒரு கண்ணி உண்டு. அரசு பற்றிய 6 கிரெடிட்டில் அமெரிக்க அரசியலமைப்போடு டெக்ஸஸ் அரசியலமைப்பையும் படித்தாக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். கிளெப் அமெரிக்க அரசு தேர்வில் டெக்ஸஸ் கிடையாது. அதைத் தேறினால் பாதிதான் தாண்டியது, மீதி 3 கிரெடிட்டை வகுப்பிலோ அந்தக் கல்லூரியே வைக்கும் தேர்விலோ முடிக்க வேண்டும். வரலாறும் இப்படித்தான் யோசித்துச் செய்ய வேண்டும். கிளெப் அமெரிக்க வரலாறு இரண்டு தாள். முதல் தாள் 1877 வரை, இரண்டாம் தாள் 1865இலிருந்து இன்றுவரை. டெக்ஸஸ் பள்ளிகளில் 1877 வரையிலான வரலாற்றை எட்டாம் வகுப்பில் படிக்கிறார்கள், அதற்குப் பிந்தையதை உயர்நிலைப் பள்ளியில். எனவே பதினொன்றாம் வகுப்பு முடித்த ஜூன் மாதத்தில் இரண்டாம் தாள் எழுதினால் பாடம் மனத்தில் சூடாக இருக்கும். முதல் தாளுக்கு அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்பில் படித்து மறந்ததையெல்லாம் மறுபடி தோண்டி எடுக்க வேண்டும். தாள் ஒன்றுக்கு 120 கேள்வி, 90 நிமிடம், கேள்விக்கு முக்கால் நிமிடம்.

டியூயல் கிரெடிட் என்பது தேர்வு அல்ல, கல்லூரிப் பாடத்தையே பள்ளியில் இருக்கும்போது படிப்பது. பெரும்பாலும் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருடப் படிப்புக்கான உள்ளூர்க் கல்லூரி) நடத்தும். ஒரே நாள் தேர்வில் தலைவிதி முடிவாகாது, பாடத்தைத் தேறினால் கிரெடிட் உறுதி. டெக்ஸஸ் அரசுக் கல்லூரிகளுக்குள் பொதுப் பாடங்கள் பெரும்பாலும் சிக்கலில்லாமல் மாறிவிடும். தேர்வு என்றாலே கை நடுங்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன்.

ஆனால் ஒன்றை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். டியூயல் கிரெடிட்டில் வாங்கும் கிரேடு கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பதிவேட்டில், நிரந்தரமாக ஏறிவிடும். பதினாறு வயதில், அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத ஒரு செமஸ்டரில் வாங்கிய சி கிரேடு, இருபத்திரண்டு வயதில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதும் கூடவே வரும். அந்த விண்ணப்பத்தில் பள்ளி நாட்களில் எடுத்த கல்லூரிப் பாடங்களின் கிரேடும் ஜி.பி.ஏ. (கிரேடுகளின் சராசரி) கணக்கில் சேரும். ஏ.பி.க்கும் கிளெப்புக்கும் கிரேடே கிடையாது, கிரெடிட் மட்டும். இன்னொரு பக்கம், பல மருத்துவக் கல்லூரிகள் வேதியியல், உயிரியல் போன்ற கட்டாயப் பாடங்களுக்குக் கிளெப்பை ஏற்பதில்லை, ஏ.பி.யையும் சில இடங்களில் தயங்கித்தான் ஏற்கிறார்கள். டாக்டராக வேண்டும் என்று சொல்லும் பிள்ளை அறிவியலைக் கல்லூரி வகுப்பிலேயே படித்துவிடுவது நல்லது. வரலாறு, அரசு, பொருளாதாரம் போன்றவற்றைத் தேர்வில் தாண்டி, அறிவியலுக்கு நேரம் ஒதுக்கட்டும்.

டி.எஸ்.எஸ்.டி. பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராணுவத்தினருக்காகத் தொடங்கி எல்லோருக்கும் திறந்துவிட்ட தேர்வுகள் இவை. தேர்ச்சி மதிப்பெண் 400. கிளெப்பில் இல்லாத சில மேல்நிலைப் பாடங்களும் உண்டு. ஏற்கும் கல்லூரிகள் கிளெப்பைவிடக் குறைவு. பட்டத்தின் கடைசிப் பகுதியை முடிக்கத் தவிக்கும் பெரியவர்களுக்கும், நியூஜெர்ஸியின் தாமஸ் எடிசன் பல்கலைக்கழகம் போல வெளிக் கிரெடிட்டைத் தாராளமாக ஏற்கும் இடங்களில் படிப்பவர்களுக்கும் பயன்படும். பள்ளிப் பிள்ளைக்கு அவசியமில்லை.

தமிழைப் பற்றி என்னிடம் கேட்பார்கள். கிளெப்பில் மொழித் தேர்வு பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மட்டும். ஏ.பி.யில் சீனம், ஜப்பானியம், இத்தாலியம், லத்தீன்கூட உண்டு, தமிழ் இல்லை. ஆனால் தமிழ் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பெர்க்லி, சிகாகோ, பென்சில்வேனியா ஆகியவை அப்படி. அந்த மாதிரி இடங்களில் சேரும் பிள்ளை, மொழித் தேவையைத் தமிழில் நிறைவேற்ற முடியுமா என்று துறையிடமே நேரில் கேட்க வேண்டும். பத்து வருடம் தமிழ்ப் பள்ளிக்குப் போன பிள்ளை ஒரு மின்னஞ்சலாவது அனுப்பிப் பார்க்கட்டும்.

பணம் மிச்சமாகுமா என்பதில் பலரும் கணக்கைத் தவறாகப் போடுகிறார்கள். உள்மாநில மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் டியூஷனும் கல்லூரிக் கட்டணங்களும் சேர்ந்து சராசரியாக வருடத்துக்கு 11,000 டாலருக்கு மேல். வருடம் 30 கிரெடிட் என்று வைத்தால் 3 கிரெடிட் பாடம் ஒன்று ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. நூறு டாலர் தேர்வில் ஆயிரம் மிச்சம் என்று கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பல பல்கலைக்கழகங்களில் முழுநேர மாணவர் 12 கிரெடிட் எடுத்தாலும் 15 எடுத்தாலும் கட்டணம் ஒன்றுதான். அங்கே ஒரே ஒரு பாடத்தைத் தாண்டினால் பையில் ஒரு டாலரும் மிஞ்சாது. ஒரு முழு செமஸ்டரே குறையும் அளவுக்கு, அதாவது 12 முதல் 15 கிரெடிட் வரை, மேஜருக்குப் பொருந்துகிற பாடங்களில் சேர்த்தால்தான் உண்மையான மிச்சம். டியூஷனோடு விடுதி, சாப்பாடு எல்லாம் ஒரு செமஸ்டர் குறையும். இல்லாவிட்டால் கிடைப்பது நேரம்: இரட்டை மேஜர், ஆராய்ச்சி, ஒரு இன்டர்ன்ஷிப், அல்லது தூக்கம். அதுவும் மதிப்புள்ளதுதான், ஆனால் எதற்காக எழுதுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஊரிலிருந்து நேரே இளநிலைப் படிப்புக்கு எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வரும் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு செமஸ்டரும் முழுநேரமாக, பொதுவாக 12 கிரெடிட், பதிவு செய்திருக்க வேண்டும். தேர்வெழுதி வாங்கிய கிரெடிட் அந்த 12இல் சேராது. நிறையப் பாடங்களைத் தாண்டிவிட்டு, கடைசி வருடத்தில் எடுக்கப் பாடம் இல்லாமல் தவிக்கும் நிலை வரக்கூடாது. எழுதுவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பேசிவிடுங்கள்.

தயாரிப்பைப் பற்றி நாங்கள் அனுபவத்தில் கற்றது ஒன்றுதான், மாதிரித் தேர்வை முதலில் எழுத வேண்டும். மகள் முதலில் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தாள், தெரிந்ததையே மூன்று வாரம் படித்தாள். தம்பி மனைவி முதல் நாளே ஒரு முழு மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுதினாள். லாகரிதமும் சார்பு வரைபடங்களும்தான் தன்னைக் கீழே இழுக்கின்றன என்று அன்றே தெரிந்துபோனது. ஆறு வாரத்தில் நான்கு வாரத்தை அதற்கே கொடுத்தாள். காலேஜ் போர்டு ஒவ்வொரு கிளெப் தேர்வுக்கும் எந்தத் தலைப்புக்கு எத்தனை சதவீதம் கேள்வி என்று வெளியிடுகிறது. அந்தத் தாளை மேசையில் ஒட்டி வைத்துக்கொண்டு படித்தாள். பாடப்புத்தகத்துக்கு ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, பொருளாதாரம், உளவியல், அமெரிக்க வரலாறு எல்லாம் உண்டு. ஏ.பி.க்கு முந்தைய வருடங்களின் விரிவான விடைக் கேள்விகளும், மதிப்பெண் போட்ட முறையும் காலேஜ் போர்டு தளத்திலேயே இருக்கின்றன. மதிப்பெண் போடும் முறையைப் படிப்பது பாதித் தயாரிப்பு.

கால்குலஸில் நான் கொஞ்சம் பிடிவாதமாக இருக்கிறேன். கிளெப் கால்குலஸ் 44 கேள்விதான், தேறினால் முதல் கால்குலஸ் பாடத்தைத் தாண்டலாம். ஏ.பி. கால்குலஸின் மேல்நிலைத் தாளான பி.சி.யில் நல்ல மதிப்பெண் எடுத்தால் பல கல்லூரிகளில் இரண்டு செமஸ்டர் கால்குலஸைத் தாண்டலாம். ஆனால் கிரெடிட்டைவிட முக்கியமானது, அடுத்த வகுப்பில் தாக்குப்பிடிப்பது. பொறியியல் படிக்கப் போகும் பிள்ளை, தேர்வுக்காக ஆறு வாரம் மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த கால்குலஸ் வகுப்பில் போய் உட்கார்ந்தால் மூச்சுத் திணறும். மேஜருக்கு அடித்தளமான பாடத்தை வருடம் முழுக்கப் படிக்க வேண்டும், ஏ.பி. வகுப்பிலோ கல்லூரியிலோ. மேஜருக்கு வெளியே உள்ள பொதுப் பாடத்தைக் கிளெப்பில் தாண்டலாம். எங்கள் வீட்டில் இப்போது இதுதான் விதி.

எதையும் தொடங்கும் முன் கல்லூரியின் அட்டவணையைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் எந்தத் தேர்வுக்கு எத்தனை மதிப்பெண், அது தன் பாடங்களில் எந்த எண்ணுக்குச் சமம் என்று வெளியிட்டிருக்கும். அந்தப் பாட எண்ணை எடுத்து, பிள்ளை படிக்க நினைக்கும் மேஜரின் பட்டத் திட்டத்தில் தேட வேண்டும். அங்கே இருந்தால் எழுதலாம். இல்லையென்றால் அது எலெக்டிவ், மகளுக்கு நடந்தது நடக்கும். 120இல் குறைந்தது 30 கிரெடிட்டாவது அந்தக் கல்லூரியிலேயே படிக்க வேண்டும் என்ற விதியும் பொதுவாக உண்டு, அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மகனுக்கு இப்போதைக்கு மூன்று கல்லூரிகள் மனத்தில் இருக்கின்றன, மூன்றும் டெக்ஸஸ் அரசுக் கல்லூரிகள், மேஜர் கணினி அறிவியல். மூன்று அட்டவணைகளையும் அச்செடுத்து, மூன்றிலும் செல்லும் தேர்வுகளை மட்டும் பச்சை மையில் குறித்தோம். கால்குலஸ் பி.சி.யும் இயற்பியலும் ஏ.பி. வகுப்பிலேயே. பதினொன்றாம் வகுப்பு முடிந்ததும் ஜூனில் கிளெப் வரலாறு இரண்டாம் தாள். பன்னிரண்டாம் வகுப்பில் பொருளாதாரப் பாடம் முடிந்த கையோடு கிளெப் பேரியல் பொருளாதாரம். ஆங்கிலத்துக்கு டியூயல் கிரெடிட், ஏனென்றால் அவன் எழுதத் தயங்குகிறவன், ஒரு ஆசிரியர் வாராவாரம் திருத்திக் கொடுப்பது அவனுக்குத் தேவை. அமெரிக்க அரசுப் பாடம் மட்டும் இழுபறியாக இருக்கிறது. அவன் கிளெப் என்கிறான், டெக்ஸஸ் பகுதி தனியாக நிற்குமே என்று நான் யோசிக்கிறேன். ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் அங்குள்ள கவுன்சிலரிடம் (மாணவர் ஆலோசகரிடம்) கேட்கப் போகிறோம்.